ஒழுகும் இடம் ஒன்று, கெட்ட இடம் இன்னொன்று

அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 லாரியை ‘டியூஸ் அண்ட் எ ஹாஃப்’ என்பார்கள். கரடுமுரடான வழியில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பதால் வந்த பெயர். ராணுவம் ஏலத்தில் கழித்துவிட்ட வண்டிகள் இன்றும் அங்கே பண்ணைகளிலும் பழைய வண்டிப் பிரியர்களிடமும் ஓடுகின்றன. அவற்றில் ஓயாமல் வரும் புகார்கள் இரண்டு: ‘இன்ஜின் எடுக்கவில்லை’, ‘சக்கரத்தில் எண்ணெய் கசிகிறது’. இரண்டிலுமே கோளாறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஸ்பேனரை வைத்தால், அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டிவரும்.

முதலில் இன்ஜின். எல்டிடி-465 வரிசை, ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவும் உண்டு. பிஸ்டன் தலையில் உருண்டையான ஒரு குழி இருக்கிறது. டீசலைத் தெளிக்கும் நாசில், அதைக் காற்றில் அதிகம் தூவாமல், அந்தக் குழியின் சுவரில் மெல்லிய படலமாகப் படரவிடுகிறது. சுவரின் சூட்டில் அது ஆவியாகி எரிகிறது. ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் பிறந்த முறை இது. (ஜபல்பூரில் நம் ராணுவத்துக்குத் தயாரான சக்திமான் லாரியும் மான் உரிமத்தில் வந்ததுதான்.) டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் என எதையும் எரிக்கும் என்பதால் ‘மல்டிஃபியூவல்’ என்று பெயர். பிஸ்டன் சூடேறினால்தான் எரிதல் சீராகும். ஆகவே குளிர்ந்த காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை தள்ளுவது இயல்பு; அதற்காக நாசிலைக் கழற்ற வேண்டாம். நன்றாகச் சூடேறிய பிறகும் புகை வெளுப்பாகவே வந்து, ரேடியேட்டரில் குமிழியும் கிளம்பினால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது சிலிண்டர்களை மூடும் ஹெட்டுக்கு அடியிலுள்ள தகட்டைச் சந்தேகிக்கலாம். இந்த இன்ஜினின் பலவீனமான இடமே அதுதான். மூன்று சிலிண்டருக்கு ஒரு ஹெட் வீதம் இரண்டு ஹெட் உண்டு. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டு திறந்தால் பாதி உழைப்பு மிச்சம்.

வண்டி எடுக்கவில்லை என்றால் கருவி எதுவும் வேண்டாம், முதலில் காது போதும். சாவி கிடையாது, டேஷ்போர்டில் உள்ள சுவிட்சைத் திருப்பியதும் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் முனகும். சத்தம் இல்லையென்றால் அதன் கனெக்டரையும் எர்த் இணைப்பையும் பாருங்கள். இந்தப் பம்ப் செத்தாலும் இன்ஜின் ஓடும், ஏனென்றால் டீசலை அழுத்தத்தோடு நாசில்களுக்கு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்போடு சேர்ந்த இன்னொரு பம்ப் டீசலை இழுத்துக்கொள்ளும். சிக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. டேங்க் பம்ப் தள்ளும்போது வெளியே ஒழுகியிருக்க வேண்டிய தளர்ந்த இணைப்பு, மற்ற பம்ப் இழுக்கும்போது ஒழுகாமல் காற்றை உள்ளே வாங்கும். வெளியே ஒரு சொட்டு ஈரம்கூடத் தெரியாது. வண்டி மட்டும் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஒரு ராத்திரி நின்றால் காலையில் எடுக்காது. இதைப் பார்த்துவிட்டு இன்ஜெக்‌ஷன் பம்பை இறக்குகிறவர்கள் நிறையப் பேர்.

அடுத்து ஃபில்டர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வடிகால் உண்டு. தண்ணீரும் கசடும் போய்த் தெளிந்த டீசல் வரும்வரை திறந்துவிட வேண்டும். பிறகு இன்ஜின் ஸ்டாப் கேபிள், அதாவது இன்ஜினை நிறுத்த இழுக்கும் கேபிள். உள்ளே தள்ளியதும் பம்பிலுள்ள லீவர் முழுதாகத் திரும்புகிறதா என்று பானட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். துருப்பிடித்த கேபிள் அரைவழியில் நின்றுவிட்டால் டீசல் பாதிதான் போகும். இவ்வளவும் சரி என்றால் நாசில் முனையில் பைப் நட்டைத் தளர்த்தி, டீசல் பீய்ச்சும்வரை செல்ஃப் அடித்துக் காற்றை எடுக்கலாம். ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் வேண்டாம். மோட்டார் ஆற நேரம் கொடுங்கள்.

பல வருடம் நின்ற வண்டிக்கு இன்னும் கவனம் தேவை. இதன் பம்பில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து, டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சர் ஒன்றே ஒன்றுதான். பழைய டீசல் பிசினாகி அது ஒட்டிக்கொண்டிருக்கும்போது செல்ஃப் அடித்தால், பிளஞ்சரின் அடியிலுள்ள பட்டன் கழன்றுவிடும். பிறகு பிளஞ்சர் இருக்கும் பம்ப் பகுதியான ஹைட்ராலிக் ஹெட்டையே மாற்ற வேண்டும். கன்ட்ரோல் முழு டீசல் நிலையில் சிக்கியிருந்தால் அதைவிட ஆபத்து: எடுத்த உடனே இன்ஜின் வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி, காற்றை அடைத்து இன்ஜினை நிறுத்த, டர்போவின் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு பிளைவுட் துண்டோடு ஒருவர் நிற்க வேண்டும். கையாலோ துணியாலோ மூடக் கூடாது; டர்போ உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஆயில் ஏறக்குறைய 21 லிட்டர் பிடிக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவது கவலைதான். கூடுவது அதைவிடப் பெரிய கவலை. டீசல் இறங்குகிறது, அல்லது தண்ணீர். ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டுக் காலையில் ஆயில் பிளக்கை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் நீர்த்து டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்‌ஷன் பம்ப் பக்கம் தேடுங்கள்.

இனி ஹப், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி. பின்சக்கர டிரம்மில் எண்ணெய் வழிந்தால் எல்லோரும் உள் சீலை மாற்றுகிறார்கள். அந்தச் சீல் பெரும்பாலும் குற்றவாளி அல்ல. இந்த ஹப் பேரிங்குகள் கிரீஸில் ஓடுபவை. கியர் ஆயில் அங்கே வரவே கூடாது. ஆயில் ஆக்சில் ஷாஃப்டை ஒட்டி வந்து, ஹப் சுழலும் நிலையான குழாயான ஸ்பிண்டிலில், நட்டைப் பூட்டும் லாக் வாஷருக்காக வெட்டியிருக்கும் சாவிப் பள்ளம் வழியே ஹப்புக்குள் நுழைகிறது. அதைத் தடுக்க அந்தப் பள்ளத்தில் ஒரு சிறு ரப்பர் துண்டு இருக்க வேண்டும். விரல் நுனி அளவே இருப்பதால் பழசைத் துடைக்கும்போது குப்பையோடு போய்விடும், புதிதாகப் போடவும் மறந்துவிடும். ஆயில் கலந்து கிரீஸ் நீர்க்கிறது, உள் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கை நனைக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு இடம் உண்டு: ஆக்சில் உறையின் மேலே இருக்கும் மூச்சுத்துளை. சேற்றில் அடைந்துபோனால் ஓட்டத்தில் சூடாகும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலை சீல்களின் மேல் தள்ளும். ஆக முதலில் மூச்சுத்துளை, அடுத்து சாவிப் பள்ளம், கடைசியில்தான் உள் சீல்.

டிரம் ஹப்போடு சேர்ந்தது. பிரேக்கைப் பார்க்க வேண்டுமானால் ஹப்பையே இழுக்க வேண்டும். பாரம் அதிகம். ஸ்டாண்டில் நிறுத்தாமல் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஒரு சக்கரத்தை ஹப்பிலேயே விட்டு, டயருக்கு அடியில் கிரீஸ் தடவிய இரும்புத் தகடு வைத்தால் வழுக்கி வரும். இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் கழலும்; ‘எல்’ குறியைப் பார்க்காமல் பலம் கொடுத்து போல்ட்டை முறித்தவர்கள் உண்டு. லைனிங் தூளை ஏர் அடித்து ஊதாதீர்கள், பழையதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், நனைத்துத் துடையுங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கை நெருப்பில் காட்டிப் பயன்படுத்துவதும் வேண்டாம். எம்35ஏ2-வின் ஹைட்ராலிக் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் போனால் ஆறு இடத்திலும் பிரேக் போகும். ஹப் திறந்த நேரத்தில் சிலிண்டரின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்க்காமல் மூடக் கூடாது.

பேரிங் அட்ஜஸ்ட்மென்ட்டில்தான் அவசரம் நஷ்டம் கொடுக்கும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே, பேரிங்கைப் பிடிக்கும் உள் நட்டை 50 பவுண்டு-அடி, அதாவது 68 நியூட்டன் மீட்டர்வரை முறுக்க வேண்டும். சுற்றாமல் முறுக்கினால் ரோலர்கள் சரியாக உட்காராது. பிறகு எட்டில் ஒரு சுற்று முதல் கால் சுற்றுவரை பின்வாங்கி, லாக் வாஷர் போட்டு வெளி நட்டை இறுக்கவும். வெளி நட்டு இறுகும்போது உள் நட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். அதனால் ஹப் தாராளமாகச் சுற்றுகிறதா, ஆட்டம் இருக்கிறதா என்று திரும்பவும் பார்க்க வேண்டும். இந்த நட்டுகளுக்கென்றே பெரிய சாக்கெட் கிடைக்கும். உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டினால் எவ்வளவு இறுகியது என்பது யாருக்கும் தெரியாது.

பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு ஹப்பாகக் கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பேரிங்கோ, விடாமல் பிடிக்கும் அந்தச் சக்கரத்துப் பிரேக்கோ. ஆறும் ஒரே மாதிரி சுட்டால் ஹப்புகளை விட்டுவிட்டு பிரேக் பெடலிலிருந்து எல்லாச் சக்கரத்துக்கும் அழுத்தம் அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பாருங்கள்.