கூடப் படித்தவர்கள்

புற்றுநோய் முற்றிய நிலையில் வீட்டில் இருப்பவர்களைத் தேடிப்போய்ப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். வலியையும் மற்ற தொல்லைகளையும் தணித்து நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் இந்தக் கவனிப்புக்குப் பாலியேட்டிவ் கேர் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே 'கைவிட்ட கேஸ்' என்றுதான் இன்னும் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. நுரையீரல் புற்றுநோய் பரவிவிட்ட 151 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே பாலியேட்டிவ் கவனிப்பும் கிடைத்தவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் உயிரோடிருந்த காலத்தின் இடைநிலை அளவும் (மீடியன்) மற்றவர்களின் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. அப்படியும் இந்தக் கவனிப்பு தேவைப்படுபவர்களில் உலகம் முழுக்கச் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதிப் பேரை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஆனால் நான் எழுத நினைத்தது வேறு. குடும்பம் எவ்வளவு அன்பாக இருந்தாலும், அந்த அன்பினாலேயே நோயாளியால் வீட்டாரிடம் சொல்ல முடியாமல் போகிற விஷயங்கள் உண்டு. அவற்றைக் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நானும் இல்லை, மருத்துவரும் இல்லை. சின்ன வயதில் கூடப் படித்த யாரோ ஒருவர். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. வேலையில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

புதிதாக ஒரு வீட்டுக்குப் போகும்போது, உள்ளே நுழையும் முன்பே வாசலில் நிறுத்திப் பேசுவார்கள். "அவருக்கு எதுவும் தெரியாது சிஸ்டர். அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க." உள்ளே போனால், வீட்டார் நகர்ந்த நேரம் பார்த்து நோயாளி மெதுவாகக் கேட்பார்: "இன்னும் எத்தனை நாள் சிஸ்டர்? அவகிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா." இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் மறைக்கிறார்கள். இதில் யார் மேலும் எனக்குக் கோபம் வந்ததில்லை, ஒருவரை ஒருவர் காப்பாற்ற நினைத்துச் செய்வதுதான். ஆனால் இரவில் தூக்கம் வராமல் கிடக்கும்போது இரண்டு பேருமே தனியாகிவிடுகிறார்கள்.

கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டிலும் இதே நிலைதான். அவருக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. கணையம் வயிற்றின் ஆழத்தில், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் உறுப்பு. அங்கே கட்டி வந்தால் வெளியே தெரிவதற்குள் நோய் வளர்ந்துவிடும். பின்பக்கத்து நரம்புப் பின்னலைத் தொட்டுவிட்டால் வலி முதுகுக்குப் பாயும். மல்லாந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் கொஞ்சம் தணியும். நான் முதலில் பார்த்தபோது தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் அப்படித்தான் இருக்கிறார் என்றார் மனைவி.

எங்கள் மருத்துவர் வாய்வழி மார்ஃபின் எழுதினார். "மார்ஃபினா? அப்போ கடைசின்னு அர்த்தமா சிஸ்டர்?" என்று மகள் அழுதுவிட்டாள். இந்தப் பயம் இல்லாத வீடு அபூர்வம். வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் சொன்னபடி கொடுத்தால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. வலி வரட்டும் என்று காத்திருந்து கொடுக்கக் கூடாது. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், அதையும் மீறி வலி வந்தால் நடுவில் கூடுதலாக ஒரு வேளை. வாய்வழியாக, மணிப்படி என்ற இந்த முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வகுத்துவிட்டது. தொடக்கத்தில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், சில நாட்களில் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் தானாகப் போகாது. அதற்கான மருந்தை முதல் நாளே சேர்த்துவிடுவோம். மகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அந்த வாரமே அவர் சாய்ந்து படுத்துத் தூங்கினார்.

வலி அடங்கிய பிறகும் அவர் பேசவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார், அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். எங்கள் துறையில் எல்லோரும் மரியாதையோடு நினைக்கும் பெயர் சிசிலி சாண்டர்ஸ். செவிலியராக இருந்து, மருத்துவமனைச் சமூகப் பணியாளராகி, அதற்கும் பிறகு மருத்துவம் படித்து, 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைக் கவனிக்கும் இல்லத்தை, தொடங்கியவர். சாகப்போகிறவரின் வலி உடம்பில் மட்டும் இல்லை. மனசு, குடும்பம், பணம், வாழ்ந்ததற்கு என்ன பொருள் என்ற கேள்வி எல்லாம் சேர்ந்த முழு வலி அது என்று அவர் சொன்னார். மார்ஃபின் அதில் ஒரு பங்கைத்தான் எடுக்கும். மீதி அந்தக் கட்டிலிலேயே கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளித் தோழர்கள் வந்தார்கள். பள்ளியை விட்டு நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் ஓடிக்கொண்டிருந்ததாம். யாரோ விஷயத்தைப் போட, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்து இறங்கிவிட்டார்கள். அவரும் உற்சாகமாகப் பேசியிருக்கிறார். மறுநாள் தலையைத் தூக்க முடியவில்லை. "இனிமே யாரும் வர வேண்டாம் சிஸ்டர், நீங்களே சொல்லிடுங்க" என்றார் மனைவி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வந்தவர்களைக் கவனித்ததும் அவர், இரவு கண்விழித்ததும் அவர்.

ஆனால் அன்றைக்கு நான் போனபோது, அத்தனை களைப்பிலும் அவர் தானாகவே பேச ஆரம்பித்தார். கணக்கு வாத்தியாரிடம் யார் அடி வாங்கியது, யார் மதில் ஏறிக் குதித்துக் காலை உடைத்துக்கொண்டது என்று ஒரே பள்ளிக்கூடக் கதை. நோயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மனைவியிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, தோழர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பேசினேன். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். குழுவில் எல்லோரும் அவர் பேச்சைக் கேட்பார்கள் என்று மகள் சொன்னாள்.

ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், அரைமணி நேரம் போதும் என்று முடிவு செய்தோம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் வரக் கூடாது. வந்தவர்களை வீட்டார் உபசரிக்க வேண்டியதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டால் பேச்சை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கலாம், அதில் புண்பட ஒன்றுமில்லை. "என்ன உதவி வேணும்னாலும் கேளுங்க" என்று யாரும் சொல்லக் கூடாது என்பதையும் நான்தான் சேர்த்தேன். நல்ல மனதோடு சொல்வதுதான் என்றாலும், எதைக் கேட்பது, யாரிடம் கேட்பது என்று யோசிக்கிற பாரம் மறுபடியும் மனைவி தலையில் போய் விழும். 'வெள்ளிக்கிழமை மருந்துச்சீட்டு வாங்கப் போறது நான்' என்று சொல்பவர்தான் உதவுகிறார்.

அப்படியே வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். காப்பீட்டுப் படிவங்களை ஒருவர் எடுத்துக்கொண்டார். இன்னொருவர் வாரத்தில் சில இரவுகள் கட்டிலருகே இருந்தார், மனைவி பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். வகுப்புத் தோழி ஒருவர் அவரைப் பார்க்க என்று வருவார், ஆனால் நேரம் முழுக்க மனைவியோடு இருந்துவிட்டுப் போவார். அவர் செய்ததை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். நோயாளியைப் பார்க்க ஆள் வரும், பார்த்துக்கொள்பவரைப் பார்க்க வருபவர்கள் மிகக் குறைவு.

எல்லாமே சுலபமாக நடக்கவில்லை. ஒருவர் எந்த நேரமும் மூலிகைச் சாறு வீடியோக்களை அனுப்பிக்கொண்டிருந்தார், இதைக் குடித்தால் கட்டியே கரைந்துவிடும் என்று. இன்னும் சிலர் "போராடுடா, ஜெயிச்சு வாடா" என்பார்கள். அப்படிச் சொல்லிவிட்டு அவர்கள் போன ஒரு நாள் அவர் என்னிடம் கேட்டார்: "ஜெயிக்கலைன்னா நான் சரியாப் போராடலைன்னு ஆயிடுமா சிஸ்டர்?" அந்தக் கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். ஓட்டுநர் தோழரிடம் சொன்னேன், அவர் குழுவில் பக்குவமாக எடுத்துச் சொன்னார். வீடியோ அனுப்பியவரைத் தனியாகப் பார்த்துப் பேசினேன். "ஏதாவது செய்யணும்ல சிஸ்டர், சும்மா எப்படி இருக்கிறது?" என்று உடைந்துபோனார். நோயாளிக்கு முகச்சவரம் செய்துவிடும் பொறுப்பை அவரிடம் கொடுத்தோம். கடைசி வாரம் வரை ஒரு முறைகூடத் தவறாமல் வந்து செய்தார்.

பயத்தைப் பற்றிய பேச்சு வந்தது ஓட்டுநர் தோழரிடம். நான் பக்கத்து அறையில் மருந்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வெளியே வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "பயமா இருக்குடாங்கிறான் சிஸ்டர். நான் என்ன சொல்லட்டும்?" "ஒண்ணும் சொல்ல வேண்டாம்ண்ணா. எதை நினைச்சுப் பயம்னு மட்டும் கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க" என்றேன். திரும்பி உள்ளே போனார். ரொம்ப நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார்.

சாவை நினைத்து இல்லையாம். கடைசியில் மூச்சு முட்டித் துடித்துத்தான் போக வேண்டியிருக்குமோ, அதை மகள் பார்க்கும்படி ஆகுமோ என்பது ஒரு பயம். தம்பிக்காகப் போட்டுக்கொடுத்த ஜாமீன் கையெழுத்து இன்னொன்று. மனைவிக்குத் தெரியாது. தம்பி பணம் கட்டுவதை நிறுத்தியிருந்தார்.

முதல் பயத்துக்குப் பதில் சொல்வது என் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். பெரும்பாலானவர்களுக்குக் கடைசி நாட்களில் தூக்கம் கூடிக்கொண்டே போகும், பிறகு கூப்பிட்டாலும் விழிப்பு வராது, மூச்சு இடைவெளி விட்டு வரும். மூச்சுத்திணறல் வந்தால் அதைத் தணிக்க மருந்து இருக்கிறது. குறைந்த அளவு மார்ஃபினே அதற்கும் உதவும். மருந்து வீட்டிலேயே இருக்கும், எப்போது கூப்பிட்டாலும் வருவோம் என்றேன். ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாள் கணக்கைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டாவதை நண்பர் பார்த்துக்கொண்டார். "அதை நீதான்டா அவங்ககிட்ட சொல்லணும். நான் இங்கயேதான் உட்கார்ந்திருப்பேன்" என்று சொல்லியிருக்கிறார். மனைவியைக் கூப்பிட்டு, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதில் தொடங்கி ஜாமீன் வரை எல்லாவற்றையும் அவரே சொன்னார். நோய் விஷயம் மனைவிக்குத் தெரிந்ததுதான். கடனைக் கேட்டதும், "இதுக்கா இத்தனை நாள் முகம் கொடுக்காம இருந்தீங்க?" என்று அழுதாராம். அப்புறம் பத்திரங்கள் எங்கே, யாருக்கு என்ன தர வேண்டும் என்று இரண்டு பேரும் ராத்திரி வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு நான் போன நாட்களில் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து நான் பார்க்கவில்லை.

இதை முதலிலேயே மனைவியிடம் சொல்லியிருக்கலாமே என்று அவரிடம் ஒருநாள் கேட்டேன். "அவ முன்னாடி நான் தைரியசாலி சிஸ்டர். கல்யாணத்திலேர்ந்து அப்படித்தான். இவன், நான் எட்டாங்கிளாஸ்ல இருட்டுக்குப் பயந்து அழுததைப் பார்த்தவன்" என்றார்.

சாப்பாடு நின்றபோது வீட்டில் மறுபடி கலக்கம். ஒரு வாயாவது கொடுக்க வேண்டும் என்று மனைவி துடித்தார். அந்தக் கட்டத்தில் உடம்புக்கு உணவை ஏற்றுப் பயன்படுத்தும் சக்தி இருக்காது. வற்புறுத்தினால் வாந்தி வரும், புரையேறும். உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் நனைத்துக்கொண்டே இருப்பதுதான் அப்போது செய்யக்கூடிய நல்ல காரியம். மனைவிக்கும் மகளுக்கும் செய்து காட்டினேன். தோழர்களுக்கும் விளக்கினேன். வருபவர் யாராவது "ஒண்ணுமே குடுக்கலையா?" என்று கேட்டுவிட்டால் அந்த அம்மா அதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பார்.

தூரத்தில் இருந்தவர்கள் குரல் பதிவு அனுப்பினார்கள். போன் என்றால் அவர் பதில் பேச வேண்டும், இதில் அந்தக் கட்டாயம் இல்லை. நினைவு தப்பிய பிறகும் மகள் அவற்றைத் தாழ்ந்த ஒலியில் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்குமா சிஸ்டர் என்றாள். கனடாவில் ஒரு ஹாஸ்பிஸில், நினைவிழந்து கடைசி மணி நேரங்களில் இருந்தவர்களின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்திருக்கிறார்கள். சிலருடைய மூளை அப்போதும் ஒலிக்கு எதிர்வினை காட்டியது என்று 2020-ல் எழுதினார்கள். புரிகிறதா என்பது அதில் தெரியாது. போடும்மா என்றேன்.

வீட்டிலேயே, வலி இல்லாமல் இறந்தார். மனைவியும் மகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்திருந்தார்கள்.

தோழர்கள் அதோடு போய்விடவில்லை. ஜாமீன் விஷயமாகத் தம்பியைக் கூட்டிவைத்துப் பேசித் தவணையைக் கட்டவைத்தது அவர்கள்தான். சில மாதம் கழித்து, துக்கத்தில் இருக்கும் குடும்பத்தைப் பார்க்கும் முறைப்படி நான் போனபோது, அந்தத் தோழி வந்திருந்தார். மனைவி அவரோடு வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகும்போது நாங்கள் நிரப்பும் தாளில் நோய், மருந்து, வலி எவ்வளவு, யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் கேள்விகள் உண்டு. கூடப் படித்தவர்களோடு தொடர்பு இருக்கிறதா என்று நான் கூடுதலாகக் கேட்டு ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன். போன வாரம் கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய ஓர் அம்மாவிடம் கேட்டேன். நிறைய யோசித்துவிட்டு, "ஒருத்தி இருந்தா. சண்டை போட்டுப் பிரிஞ்சோம், எனக்குக் கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடி" என்றார். பார்க்கணும்போல இருக்கா என்றேன். பதில் சொல்லாமல் மகனைப் பார்த்தார். மகன் பழைய டைரிகளில் நம்பர் தேடிக்கொண்டிருக்கிறான்.