பையனோட ராத்திரி அழுகையும் அந்த இனிப்பு மாத்திரையும்

பையனுக்கு அப்ப அஞ்சு வயசு. சளி பிடிச்சா உடனே வீசிங், காலையில எழுந்தா அடுக்கு தும்மல். டாக்டரம்மா ஒரு ஸ்டீராய்டு இன்ஹேலரும், ராத்திரிக்கு மோண்டிலூகாஸ்ட் 4 மில்லிகிராம் மாத்திரையும் எழுதிக் குடுத்தாங்க. மென்னு சாப்பிடற இனிப்பு மாத்திரை, அவனே கேட்டு வாங்கிப்பான். தும்மலும் நின்னுச்சு, அப்பாடான்னு இருந்தோம்.

ரெண்டு வாரம் இருக்கும், நடுராத்திரி வீல்னு கத்திட்டு எழுந்து உட்காந்தான், என்னடா தங்கம்னா பதில் இல்ல, என்னையே யாரோ மாதிரி பார்க்கறான். மறுநாளும் அதேதான். பகல்லயும் எதுக்கெடுத்தாலும் கோவம், தங்கச்சியை அடிக்கறது, இவன் இப்படிப்பட்ட பிள்ளையே இல்ல. ஸ்கூல்ல யாராவது மிரட்டினாங்களோன்னு மிஸ்கிட்ட கேட்டேன், டிவி பார்க்கறதாலதான்னு இவர் டிவியை நிறுத்தினார், ஒண்ணும் மாறல. மாத்திரை மேல சந்தேகமே வரல, ஏன்னா அது நல்லா வேலை செஞ்சுட்டு இருந்துச்சே!

ஒருநாள் சும்மா அட்டைப்பெட்டிக்குள்ள இருந்த பேப்பரைப் பிரிச்சுப் படிச்சா கெட்ட கனவு, எரிச்சல், தூக்கம் கெடறதுன்னு வரிசையா போட்டிருக்கு. தேடிப் பார்த்தா அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020 மார்ச்லயே இந்த மருந்துக்கு இருக்கறதுலயே பெரிய எச்சரிக்கையை, அதான் கட்டம் கட்டிப் போடுவாங்களே, அதைப் போடச் சொல்லியிருக்காங்க. தற்கொலை எண்ணம் வரைக்கும் போகலாமாம், சாதாரண அலர்ஜி தும்மலுக்கு வேற மருந்து கேக்கலைன்னா மட்டும் குடுங்கன்னும் சொல்லியிருக்காங்க. படிச்சதும் கை காலெல்லாம் ஓடல.

நல்லவேளை, எல்லாத்தையும் நானே நிறுத்திடல, காலையிலயே போன் போட்டேன். எந்த நாள்ல மாத்திரை ஆரம்பிச்சோம், எந்த நாள்ல கத்தினான்னு காலண்டர்ல குறிச்சு வச்சிருந்ததைச் சொன்னதும் டாக்டரம்மா உடனே மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொன்னாங்க, இன்ஹேலரை ஒருநாள் கூட விடக்கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. நிறைய குழந்தைங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாதாம், சிலருக்குத்தான் இப்படி. நிறுத்தினதுக்கு அப்புறமும் கொஞ்ச நாள் இருக்கலாம், பயப்படாம கவனிங்கன்னாங்க. அஞ்சாறு நாள்ல பிள்ளை அசந்து தூங்கினான்.

மாத்திரை போனதால இன்ஹேலரை ஒழுங்கா பண்ணியே ஆகணும்னு ஆச்சு, அப்பதான் தெரிஞ்சுது நாங்க இத்தனை நாள் தப்பாவே அடிச்சிருக்கோம்னு. இன்ஹேலர்ல மாட்டற ஸ்பேசர்ங்கற மாஸ்க் வச்ச குழாய்க்குள்ள ரெண்டு பஃப்பையும் சேர்த்து அமுக்கிட்டு இருந்தேன். ஒவ்வொண்ணா அடிக்கணும், அடிக்கறதுக்கு முன்னாடி குலுக்கணும், மாஸ்க்கை இடைவெளி இல்லாம முகத்துல அழுத்திப் பிடிச்சு அஞ்சாறு மூச்சு விடட்டும். ஸ்பேசரை சோப்புத் தண்ணியில கழுவிட்டு துணியால துடைக்கவே கூடாது, அப்படியே காயணும், துடைச்சா உரசல்ல ஸ்டேட்டிக் கரண்ட் வந்து மருந்தெல்லாம் உள்சுவர்லயே ஒட்டிக்கும். முடிஞ்சதும் வாய் கொப்பளிச்சுத் துப்பணும், நாங்க ஒரு வாரம் சோம்பல் பட்டதுக்கே நாக்குல வெள்ளை வெள்ளையா படிஞ்சிருச்சு. மூச்சு வாங்கும்போது மட்டும் குடுக்கற சால்பியூட்டமால்ங்கற மருந்துல கை நடுங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். ஸ்டீராய்டுன்னா வளர்த்தி நின்னுடுமோன்னு மாமியாருக்கு ஒரே கவலை, ரொம்ப வருஷம் எடுத்தாலும் 1 சென்டிமீட்டர் போல குறையலாம், மூச்சு முட்டறதை விட அது மேல்னு டாக்டரம்மா சொன்னாங்க, செக்கப்புக்குப் போறப்பல்லாம் உயரமும் பார்க்கறாங்க.

இதெல்லாம் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சு சளின்னு வேற ஒரு டாக்டர்கிட்ட போனோம், சிரப் குடுத்தாங்க. பேரு புதுசா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து பாட்டில் பின்னாடி பொடி எழுத்தைப் பார்த்தா லெவோசிட்ரிசின்ங்கற அலர்ஜி மருந்தோட அதே மோண்டிலூகாஸ்ட்! மூடியைத் திறக்கக்கூட இல்ல. இப்ப அவன் ஃபைல்ல முதல் பக்கத்துலயே அந்தப் பேரை சிவப்புப் பேனாவுல பெருசா எழுதி வச்சிருக்கேன், எங்க போனாலும் அதைக் காட்டிட்டுத்தான் சேர்ல உட்கார்றேன்.