கழுத்துக் கட்டிக்கு எஃப்.என்.ஏ.சி. எடுத்த அனுபவம்

வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கழுத்தில் கட்டி மட்டும் மெதுவாகப் பெருத்துக்கொண்டே வந்தது. நம் ஊரில் நெறி கட்டி இறங்காமல் இருந்தால் முதல் சந்தேகம் டி.பி. மேல்தான். எனக்கும் அதற்காகத்தான் எஃப்.என்.ஏ.சி., அதாவது மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, எழுதிக் கொடுத்தார்கள்.

பெயர்தான் மிரட்டுகிறது. ஊசி 22 முதல் 25 கேஜ் வரை, ரத்தம் எடுக்கும் ஊசியைவிடத் தடிமன் இல்லை. மரத்துப்போக மருந்துகூடப் போடவில்லை. “எச்சில் முழுங்காதீங்க, பேசாதீங்க” என்று சொல்லிவிட்டு, கட்டியை இரண்டு விரலால் பிடித்து, ஊசியை உள்ளே முன்னும் பின்னுமாகச் சில தடவை அசைத்தார் பெண் டாக்டர். வந்ததைக் கண்ணாடி ஸ்லைடுகளில் தேய்த்தார். சிலதைக் காற்றில் காயவிட்டார், சிலதைச் சட்டென்று ஆல்கஹாலில் போட்டார். கேட்டதற்கு, காய்ந்ததற்கு ஜீம்சா சாயம், நனைந்ததற்கு பாப் சாயம், இரண்டாவதில் செல்லின் உட்கரு துல்லியமாகத் தெரியும் என்றார். டி.பி. கிருமி பார்க்கத் தனி ஸ்லைடு.

ரிப்போர்ட்டில் டி.பி. இல்லை. ‘கதிர் வடிவச் செல்கள் (நூற்புக் கதிர்போல் நீண்டு இரு முனையும் கூரானவை) கொண்ட கட்டி, பயாப்ஸி (திசுவையே வெட்டியெடுத்துச் சோதிப்பது) தேவை’ என்று மட்டும் இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று எரிச்சலாகத்தான் இருந்தது. அப்புறம் பதாலஜி டாக்டரே உட்கார்ந்து விளக்கினார். அந்த மாதிரிச் செல்கள் வேறு இடத்துப் புற்றுநோய் பரவியதாலும் வரலாம், மெலனோமா என்ற தோல் புற்றுநோயாகவும் இருக்கலாம், நெறிக்குள்ளேயே பிறந்ததாகவும் இருக்கலாம். ஊசியில் வருவது உதிரிச் செல்கள். அவை உள்ளே எப்படி அடுக்கியிருந்தன என்பது அதில் தெரியாது. லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்ச் சந்தேகத்திலும் பெரும்பாலும் கட்டியை முழுதாக எடுக்கச் சொல்வது இதனால்தானாம்.

சரி என்று ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன். எடுத்த கட்டியில், செல்லின் அடையாளப் புரதங்களைக் காட்டும் இம்யூனோ சாயப் பரிசோதனை செய்ததில், சி.டி.21, சி.டி.23, சி.டி.35 என்ற மூன்று புரதங்களும் பாசிட்டிவ். நோயின் பெயர் ஃபாலிகுலர் டென்ட்ரிடிக் செல் சார்கோமா, அதாவது நெறிக்குள் இருக்கும் ஒருவகை எதிர்ப்புச் சக்தித் துணைச் செல்லில் பிறக்கும் புற்றுநோய். 1986இல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார்களாம், அவ்வளவு அரிது. பெயர் தெரிந்தபின் பழைய ஸ்லைடுகளைத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கும்பலாக ஒட்டிய கதிர்ச் செல்களுக்கு நடுவே லிம்போசைட்டுகள் என்ற சின்ன வெள்ளணுக்கள் கடுகு தூவியதுபோல் கிடந்தனவாம். இந்த நோய்க்கு அது ஒரு நல்ல துப்பு. ஆனால் அதை மட்டும் நம்பி யாரும் பெயர் சூட்ட மாட்டார்கள்.

இன்னொரு டாக்டரின் கருத்துக் கேட்கப் போகிறவர்கள் ரிப்போர்ட் காகிதத்தோடு மட்டும் போகாதீர்கள். ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கையும் அங்கே கேட்பார்கள். லேபில் ஒரு கடிதம் எழுதி, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.