பக்கிக்கு டயர் வாங்கப் போறீங்களா, பட்டனை விட்டுட்டு சைட்வாலைப் படிங்க

தென் ஆப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க இருக்கற வாட்ஸ்அப் குரூப்ல அடிக்கடி வர்ற கேள்வி இது, "பக்கிக்கு ஆல் டெரெய்ன் டயர் போடணும், எது நல்லது?" கேட்டு முடிக்கறதுக்குள்ள ஆளுக்கொரு பிராண்ட் பேரு சொல்லிடுவாங்க, ஆனா நீங்க வண்டிய எங்க ஓட்றீங்கன்னு ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. நானும் அங்க நீளமா டைப் பண்ணிப் பண்ணி அலுத்துட்டேன், அதான் ஒரே எடத்துல எழுதி வச்சுடலாம்னு.

ஊர்லேர்ந்து புதுசா வேலைக்கு வந்தவங்களுக்கு ஒரு வரி: பக்கின்னா பிக்கப் வண்டி, பட்டன்னா டயர்ல தரையத் தொடற ரப்பர் கட்டைங்க, சைட்வால்னா டயரோட பக்கச் சுவர், ஆல் டெரெய்ன் (ஏ/டி)ன்னா தாரு, மண்ணு ரெண்டுக்கும் ஆன டயர். இங்க பக்கி லோடு வண்டி மட்டும் இல்ல, ஸ்கூல், கோயில், கடை, லீவு எல்லாத்துக்கும் அதேதான். ஹைலக்ஸ் நம்ம டர்பன் ப்ராஸ்பெக்டன்லயே செய்றாங்க, ஃபோர்ட் ரேஞ்சர் ப்ரிடோரியா சில்வர்டன்ல. ரெண்டுலயும் நெறய மாடலுக்கு 265/65 ஆர்17 தான் சைஸ், அதனால அந்த சைஸ்ல கடையில சாய்ஸ் கொட்டிக் கெடக்கும், குழப்பமும் அதே அளவு.

முதல்ல உண்மைய ஒத்துக்கணும். டர்பன்ல இருக்கற டபுள் கேப் (ரெண்டு வரிசை சீட்) பக்கில பாதிக்கு மேல என்2, என்3 ஹைவே தாரு ரோட்டை விட்டு எறங்கறதே இல்ல. என் வண்டியும் வாரம் பூரா தாரு தான், லீவு வந்தா தான் சானி பாஸ் மலைப்பாதை, கோசி பே, ட்ராக்கன்ஸ்பெர்க் பக்கம் மண் ரோடு. ஆனா எங்க தெருவுல ஒரு அங்கிள் இருக்காரு, அவங்க முன்னோர் மெட்ராஸ்லேர்ந்து கரும்பு வெட்ட கப்பல்ல வந்தவங்க, இவரு டொங்காட் பக்கம் காய்கறி போடறாரு, தெனமும் கரும்புத் தோட்டத்துக்கு நடுவுல போற செம்மண் ரோடு தான். அவருக்கும் எனக்கும் ஒரே டயர் சரிப்படுமா? வாட்ஸ்அப் குரூப்ல கேட்டா சரிப்படும்னு தான் சொல்லுவாங்க!

அங்கிளுக்குத் தமிழ் அரைகுறை, பாதி இங்கிலீஷ்ல தான் பேசுவாரு, ஆனா டயர் விஷயத்துல தெளிவா சொன்னாரு, "தம்பி, பட்டன் பாத்து மயங்காத, சைடு பாரு, இங்க கல்லு சைடுல தான் கடிக்கும்." நான் அப்பறம் படிச்சது, டயர் கடையில கேட்டது எல்லாமே கடைசில இந்த ஒரு வாக்கியத்துக்குத் தான் வந்து நிக்குது.

ஏன்னா பட்டன்ல ஆணி குத்தினா ஒரு பிளக் கிட் வச்சு ரோட்டோரமே பத்து நிமிஷத்துல அடைச்சுடலாம். சைட்வால் கிழிஞ்சா அந்த டயர் அவ்ளோதான், ஒட்ட முடியாது, குப்பை. இந்த நாட்டு மண் ரோட்டுல கூரான கல்லு ஜாஸ்தி, வெஸ்டர்ன் கேப் மாகாணத்துல செரெஸ்லேர்ந்து கல்வினியா போற ஆர்355ன்னு ஒரு ரோடு இருக்கு, 250 கிலோமீட்டர் பக்கம் நடுவுல ஒரு ஊரு கெடயாது, டயரைத் தின்னுறதுக்குன்னே பேரு வாங்கின ரோடு. நம்ம நட்டால் மாகாணத்துல அவ்ளோ மோசம் இல்லன்னாலும் சானி மேல ஏறும்போது ஒடஞ்ச பாறைத் துண்டு தான் ரோடே.

சைட்வால்ல என்ன படிக்கறது? சைஸ் நம்பருக்கு முன்னாடி எல்டின்னு (LT) ரெண்டு எழுத்து இருக்கான்னு பாருங்க, இருந்தா அது லைட் ட்ரக் டயர், உள்ள ப்ளை (அடுக்கு) கனமா இருக்கும், 6, 8, 10 ப்ளை ரேட்டிங்னு போட்டிருக்கும் (அதுக்காக உள்ள நெஜமாவே பத்து அடுக்கு இருக்குன்னு அர்த்தம் இல்ல, பலத்தோட கணக்கு அது). எல்டி இல்லன்னா பெரும்பாலும் அது கார், எஸ்யூவிக்கான கட்டுமானம், மேல பட்டன் எவ்ளோ முரட்டுத்தனமா இருந்தாலும் சரி. இங்க தான் நெறய பேரு ஏமாறுறாங்க, ஒரே பிராண்ட், ஒரே மாடல் பேரு, ஒரே பட்டன் டிசைன், ஆனா ஒரு சைஸ்ல எல்டி, இன்னொரு சைஸ்ல சாதா. கடைக்காரரு "ஏ/டி தான் சார்"னு எடுத்துக் குடுப்பாரு, பொய் இல்ல, ஆனா பாதி தான் சொன்னாரு.

அப்பறம் ஒரு நம்பரும் எழுத்தும் வரும், 112எஸ், 116டி, 120ஆர் அந்த மாதிரி. 112ன்னா ஒரு டயர் 1120 கிலோ தாங்கும், 116ன்னா 1250, 120ன்னா 1400. எழுத்து வேகம், ஆர் 170, எஸ் 180, டி 190 கிலோமீட்டர். நம்ம ஹைவே லிமிட்டே 120 தான், அதனால எழுத்தைப் பத்தி ரொம்ப கவலைப்பட வேணாம், ஆனா ரெண்டுமே கதவு ஸ்டிக்கர்லயோ வண்டி புக்லயோ போட்டிருக்கறதுக்குக் கீழ போகக் கூடாது, போனா நாளைக்கு ஒரு ஆக்சிடெண்ட்னா இன்சூரன்ஸ்காரன் அதைத் தான் மொதல்ல தோண்டுவான்.

இதுல யாரும் சொல்லித் தராத ஒண்ணு. எல்டி டயர் 1400 கிலோ தாங்கும்னா அது அந்த டயரோட முழு காத்துல, 10 ப்ளைன்னா 5.5 பார் (காத்தழுத்த அளவு) பக்கம். அதுலயே 2.2 பார் மட்டும் அடிச்சா தாங்கற எடை ரொம்பக் கம்மி, சொல்லப்போனா அதே காத்துல சாதா டயர் தாங்கறத விடவும் கம்மி. காலி வண்டிக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா பின்னாடி சிமெண்ட் மூட்டை, ட்ரெய்லர், குடும்பம்னு ஏத்திட்டு வெயில்ல 120ல போனா டயர் சூடேறும். அதனால எல்டி போட்டா பழைய ஸ்டிக்கர் நம்பரை அப்படியே அடிக்காம, டயர் கம்பெனி டேபிள் கேட்டு வாங்கி அதுப்படி அடிங்க.

எல்டி அப்பிடி நல்லதுன்னா எல்லாரும் அதையே போட வேண்டியதானேன்னு கேப்பீங்க. போடலாம், ஆனா அதுக்கு வெலை உண்டு, காசு மட்டும் இல்ல. ஒவ்வொரு சக்கரமும் சில கிலோ கனமாகும், டீசல் கூடும், சின்னச் சின்னக் குழில எல்லாம் வண்டி தட்தட்டுன்னு அடிக்கும், பின்னாடி உக்காந்திருக்கற மாமியார் மொகத்தைப் பாத்தா புரியும். முக்கியமா ஈரத் தாரு. பெரிய பெரிய கட்டை மாதிரி பட்டன் இருந்தா தாரு மேல ஒட்டற ரப்பர் கம்மி, டர்பன் கோடை மழையில என்3 எறக்கத்துல பிரேக் அடிச்சா சாதா ஹைவே டயரை விடக் கொஞ்சம் தள்ளித் தான் நிக்கும். பட்டன் கட்டைல நெறய மெல்லிசா கத்தி கீறின மாதிரி கோடு இருக்கற டயரா பாத்து வாங்கினா இந்தப் பிரச்சனை பாதி கொறையும். வெறும் ஸ்டைலுக்காக மட் டெரெய்ன் (சேத்துக்கான டயர்) போட்டுட்டு உம்ஹ்லாங்கா மால் பார்க்கிங்ல நிக்கறவங்களைப் பாத்தா எனக்கு எரிச்சல் தான் வரும், ஹூ...ன்னு சத்தம் வேற.

மலையும் ஸ்னோஃப்ளேக்கும் (பனிப் படிகம்) போட்ட ஒரு சின்னப் படம் சில டயர்ல இருக்கும், அது பனி டெஸ்ட்ல பாஸான டயர்னு அர்த்தம். நமக்கெதுக்குன்னு தோணும், ஆனா 2024 செப்டம்பர்ல வான் ரீனன்ஸ் பாஸ் பக்கம் பனி கொட்டி என்3ல ராத்திரி பூரா வண்டிங்க மாட்டிக்கிட்டது ஞாபகம் இருக்கும். இருந்தா நல்லது, இல்லாட்டி பரவால்ல. கண்ணாடி மாதிரி ஐஸ் மேல எந்த ஏ/டியும் நிக்காது, குளிர்காலத்துல சானி போறவங்க செயின் எடுத்துட்டுப் போங்க.

சைஸ் பெருசாக்கறது அடுத்த ஆசை. 265/65க்குப் பதிலா 265/70 (ரெண்டாவது நம்பர் சைட்வால் ஒசரத்தோடது) போட்டா டயர் 776 மில்லிமீட்டர்லேர்ந்து 803 ஆகும், தரையிலேர்ந்து ஒசரம் கூடறது அதுல பாதி தான், ஒண்ணே கால் சென்டிமீட்டர் சொச்சம். அதுக்கு ஸ்பீடோமீட்டர் மூணு பர்சென்ட் சொச்சம் கம்மியா காட்டும், கியர் இழுவை கொறையும், முழுசா ஸ்டீயரிங் ஒடிச்சா மட்கார்டுல ஒரசலாம். எனக்கு அது லாபமாத் தெரியல.

இப்ப நான் ரொம்ப நம்பற விஷயத்துக்கு வரேன், காத்து. நல்ல டயருக்கு ஆயிரக்கணக்குல ராண்ட் குடுத்துட்டு ஒரு கேஜும் சின்ன கம்ப்ரஸரும் வாங்காம இருக்கறவங்களை என்ன சொல்றது. மண் ரோட்டுல 2.2லேர்ந்து 1.7 பக்கம் எறக்கினாலே அந்த தகரக் கூரை மாதிரி அலை அலையா இருக்கற ரோட்டுல வண்டி ஒதறல் பாதியாகும், பிடிப்பும் கூடும். கோசி பே வாய் பக்கம் போற மணல் தடத்துக்கு 1.0, 1.2 பார், அங்க பட்டன் டிசைனுக்கு வேலையே இல்ல, சொல்லப்போனா முரட்டு பட்டன் மணலைத் தோண்டி வண்டியப் பொதச்சுடும். (பீச் மேல ஓட்டறது இந்த நாட்டுல 2002லேர்ந்தே தடை, பெர்மிட் இல்லாம எறங்கிடாதீங்க.) ஆனா கூரான பாறை இருக்கற எடத்துல ரொம்ப எறக்காதீங்க, காத்து கொறஞ்சா சைட்வால் வெளிய பிதுங்கும், கல்லு கடிக்க வசதியாப் போயிடும். தாரு ரோட்டுக்குத் திரும்பினதும் மறக்காம அடிச்சுடுங்க, கம்மி காத்துல ஹைவே வேகம் போறது தான் டயர் வெடிக்கறதுக்கு நேர் வழி.

சானிக்கு டர்பன்லயே காத்து செட் பண்ணிட்டுப் போறவங்களுக்கு ஒரு வேடிக்கை. உச்சி 2876 மீட்டர், அங்க வெளிக்காத்து அழுத்தமே கம்மி, அதனால கேஜ் 0.3 பார் பக்கம் கூடக் காட்டணும், ஆனா மேல குளிரு, அது டயருக்குள்ள இருக்கற காத்தைச் சுருக்கி அந்தக் கூடுதல்ல பெரும்பகுதியத் தின்னுடும். மேல போய் கேஜைப் பாத்து பதறி எறக்க வேண்டாம். அந்தப் பாஸ்ல ஃபோர் பை ஃபோர் இல்லாம மேல விடவே மாட்டாங்க, ஆனா காஞ்ச நாள்ல கம்பெனி டயரோடவே ஏறிடலாம், மெதுவா, கல்லு பாத்து ஓட்டினா.

அஞ்சா வாங்குங்க, நாலு இல்ல. ஹைலக்ஸ், ரேஞ்சர்ல நெறய மாடல்ல ஃபோர் பை ஃபோர் போட்டா முன் அச்சும் பின் அச்சும் பூட்டின மாதிரி சேந்து சுத்தும், ஸ்பேர் மட்டும் வேற ஒசரமோ பழசோ இருந்தா கியர் பாக்ஸ் பக்கம் இருக்கற டிரான்ஸ்ஃபர் கேஸ் தான் அடி வாங்கும். அஞ்சையும் சுழற்சில மாத்திக்கிட்டே வந்தா அஞ்சும் ஒண்ணா தேயும். சைட்வால்ல டாட்னு (DOT) ஆரம்பிக்கற எழுத்து வரிசையோட கடைசி நாலு நம்பரைப் பாக்காம காசு குடுக்காதீங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. ஆஃபர்னு சொல்லி கடை மூலைல கெடந்ததைத் தள்ளி விடுவாங்க.

அப்ப எது தான் வாங்கறதுன்னா, அங்கிள் மாதிரி தெனமும் மண்ணுன்னா பிஎஃப்குட்ரிச் கேஓ2 மாதிரி சைட்வால் கனமான எல்டி, கண்ண மூடிட்டு. என்ன மாதிரி ஆளுக்கு ஜெனரல் க்ராப்பர் ஏடி3, யோகோஹாமா ஜியோலாண்டர், டன்லப் க்ராண்ட்ரெக் (டன்லப் நம்ம நட்டால் லேடிஸ்மித்லயே செய்றாங்க) இந்த நடுத்தர ஏ/டி ரகத்துல, உங்க சைஸ்ல எது எல்டியா கெடைக்குதோ, எது ஈரத்துல நல்லா நிக்குதோ அது. தாரை விட்டே எறங்காதவங்களுக்கு ஹைவே டயர் தான், வெக்கப்பட ஒண்ணும் இல்ல, மிச்சக் காசுல பெட்ரோல் பங்க் பக்கத்துல பன்னி சவ் (ரொட்டியக் கொடஞ்சு உள்ள கறிக்கொழம்பு ஊத்தற டர்பன் சாப்பாடு) சாப்புடுங்க.

டயர் மாட்டினதும் அலைன்மென்ட், பேலன்ஸிங் ரெண்டும் அன்னிக்கே பண்ணிடுங்க. அப்பறம் ஒரு 50, 100 கிலோமீட்டர் ஓட்டிட்டு வீல் நட்டை டார்க் ரெஞ்ச் வச்சு ஒரு தடவ இறுக்கிப் பாருங்க, அலாய் வீல்ல கொஞ்சம் எளகும், கடையில இதச் சொல்ல மறந்துடுவாங்க.