கண்ணைத் தொட்டுப் பாருங்க

தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஆடி ஞாயிறு. பக்கி வண்டியின் (சின்னத் திறந்த சரக்கு வண்டி) பின்தட்டில் பலிக்கான ஒரு கிடா, நாலு காலும் சேர்த்துக் கட்டி, ஒருக்களித்துக் கிடக்கிறது.

நாக்கு வெளியே. வயிறு உப்பல்.

அசைபோடும் பிராணியை ரொம்ப நேரம் இப்படிப் போட்டால் வயிற்று வாயு வெளியே வராது, நுரையீரலை அழுத்தும். கத்தி படும் முன்பே மூச்சுக்குத் தவிக்கும்.

நிற்க வைத்துக் கொண்டு வாங்க. முந்தின ராத்திரியோடு தீனியை நிறுத்துங்க, தண்ணீரை நிறுத்தாதீங்க.

கத்தி கழுத்து அகலத்தைப் போல ரெண்டு மடங்கு நீளம் வேணும். காகிதத்தில் இழுத்துப் பாருங்க. சிக்கும் இடத்தில் பல் விழுந்திருக்கு.

தாடைக்குச் சற்றுக் கீழே, நிறுத்தாமல் ஒரே இழுப்பு. ரெண்டு பக்கத் தமனியும் அறுபடணும். ஒன்று தப்பினால் மூளைக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கும். சில நொடியில் மயங்க வேண்டியது ஒரு நிமிஷத்துக்கு மேல்கூட உணர்வோடு கிடக்கும்.

கால் உதறுவதை வைத்து முடிவு பண்ணாதீங்க, மயங்கிய பிறகும் உதறும். கருவிழியை விரலால் தொடுங்க. இமைத்தால் தோலை உரிக்கத் தொடங்கக் கூடாது.

மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பை உலுக்கினால் சாமி உத்தரவு கிடைச்சாச்சு என்கிறோம். டர்பன் ஜூலைக் குளிரில் எந்த ஆடுதான் உலுக்காது!

2000-ஆம் ஆண்டு இறைச்சிப் பாதுகாப்புச் சட்டம், சமயச் சடங்குக்கு அறுப்பதை அறுப்புக்கூடத்துக்கு வெளியே அனுமதிக்கிறது. ஆனால் வதையாகும்படி கட்டிப்போடுவது 1962-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கி வண்டிக்காரருக்கு இதை யாராவது சொல்லுங்க.