82, 171: டாக்ஸாபெக்ஸை வைத்து ஆடும் கணக்கு

போக்கிமானில் தடுப்பாட்டம் என்றதும் இடித்த புளி மாதிரி நடுவில் உட்கார்ந்து அடி வாங்கும் ஒன்றைத்தான் பலரும் நினைக்கிறார்கள். டாக்ஸாபெக்ஸ் என்ற போக்கிமானை அப்படி உட்கார வைத்தால் எதிராளி சாவகாசமாகத் தன் வேலைகளையெல்லாம் முடித்துக்கொண்டு உங்கள் அணியைத் துடைத்துவிடுவார். டாக்ஸாபெக்ஸுக்கு வேலை களத்துக்கு வருவதும் அணிக்குத் திரும்பிப் போவதும். எப்போது வரலாம், எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதற்கு இரண்டு எண்கள் போதும். அவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி முடிவுகள் தானாக வந்துவிடும்.



டாக்ஸாபெக்ஸ் 2016-இல் சன், மூன் ஆட்டங்களில் வந்தது. நச்சும் நீரும் கலந்த வகை. அடிப்படை எண்களில் டிஃபென்ஸ் (உடலால் அடிக்கும் அடியைத் தாங்குவது) 152, ஸ்பெஷல் டிஃபென்ஸ் (மற்ற அடியைத் தாங்குவது) 142. ஆனால் எச்.பி. (உயிர்ப் புள்ளிகள்) வெறும் 50, வேகம் 35, இரண்டு தாக்குதல் எண்களும் அறுபதை ஒட்டித்தான். நெருப்பு, நீர், பனி, இரும்பு, சண்டை, நச்சு, பூச்சி, ஃபேரி என எட்டு வகைத் தாக்குதல்கள் இதன்மீது பாதியாகத்தான் விழும். இரட்டிப்பாக விழுபவை மூன்று: மண், மின்சாரம், சைக்கிக்.

ஆனால் இதன் உயிர் இந்த எண்களில் இல்லை, ரீஜெனரேட்டர் என்ற திறனில் இருக்கிறது. களத்தை விட்டு வெளியேறும்போதெல்லாம் மொத்த எச்.பி.யில் மூன்றில் ஒரு பங்கு திரும்பிவரும். நீங்களாக மாற்றினாலும் சரி, எதிராளி வேர்ல்விண்ட் போட்டுத் துரத்தினாலும் சரி. இது மறைந்த திறன் என்பதால் சாதாரணமாகப் பிடித்த மேரியானியிடம் (டாக்ஸாபெக்ஸாக வளரும் முந்தைய வடிவம்) இருக்காது. திறனை மாற்றும் எபிலிட்டி பேட்ச் கொடுக்க வேண்டும். சாதாரணத் திறன்களான லிம்பரோ மெர்சிலஸோ உள்ள டாக்ஸாபெக்ஸை அணியில் வைப்பது வீண்.

வளர்ப்பு: எச்.பி.யில் 252 இ.வி. (பயிற்சிப் புள்ளி), டிஃபென்ஸில் 252, மிச்சம் 4 ஸ்பெஷல் டிஃபென்ஸில். இயல்பு போல்ட் (டிஃபென்ஸ் கூடும், அட்டாக் குறையும்). மாத்திரை கொடுத்தே ஏற்றுவதானால் எச்.பி. அப் 26, அயர்ன் 26. அட்டாக் ஐ.வி. (பிறவி மதிப்பு) பூஜ்யமாக இருந்தால் நல்லது, ஃபௌல் ப்ளே என்ற தாக்குதல் உங்கள் அட்டாக்கை வைத்தே உங்களை அடிக்கும். இப்படி வளர்த்தால் லெவல் 100-இல் எச்.பி. 304, டிஃபென்ஸ் 443, ஸ்பெஷல் டிஃபென்ஸ் 321.

அந்த 304-ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பதினாறால் வகுத்தால் மீதியில்லாமல் 19. எச்.பி.யில் 252-க்குப் பதில் 248 போட்டால் 303 ஆகும், கையில் கொடுக்கும் பிளாக் ஸ்லட்ஜ் என்ற பொருள் ஒவ்வொரு டர்னும் பதினாறில் ஒரு பங்காகத் தருவது 18 ஆகிவிடும். நான்கு புள்ளியை மிச்சம் பிடிக்கிறேன் என்று இங்கே கை வைக்காதீர்கள்.

இனி முதல் எண். உள்ளே வருபவரைக் குத்தும் ஸ்டெல்த் ராக் என்ற கற்களை எதிராளி போட்டிருக்கிறார், உங்களிடம் பிளாக் ஸ்லட்ஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும்போது கல் குத்தி 38 போகும். வரும் டர்னில் ஓர் அடி விழும். டர்ன் முடிவில் ஸ்லட்ஜ் 19 தரும். அடுத்த டர்னில் வெளியே போனால் ரீஜெனரேட்டர் 101 தரும். வரவு 120, கல்லுக்குப் போனது 38, மிச்சம் 82. அதாவது வந்து விழும் அடி 82-க்குள் இருந்தால் இந்தப் போக்குவரத்துக்குச் செலவே இல்லை. ஆட்டம் முழுக்க வந்து போகலாம். சதவீதத்தில் 27. லெவல் 50-இல் எச்.பி. 157 ஆகக் குறைந்தாலும் சதவீதம் அதேதான்.

எதிராளியின் அயர்ன் வேலியன்டை வைத்துப் பார்ப்போம். டிமிட் இயல்பு, 252 ஸ்பெஷல் அட்டாக், சேதத்தைக் கூட்டும் பொருள் எதுவும் இல்லை. அதன் மூன்பிளாஸ்ட் தாக்குதல் 54 முதல் 64 வரை விழும். இலவசம், கண்ணை மூடிக்கொண்டு வரலாம். சைஷாக் டிஃபென்ஸைப் பார்த்து அடிப்பதால் 90 முதல் 106. ஒவ்வொரு வருகைக்கும் கொஞ்சம் கையைக் கடிக்கும். தண்டர்போல்ட் 136 முதல் 162. இதற்கு இரண்டு முறை வந்தால் மூன்றாவது முறைக்குப் பெரும்பாலும் ஆள் இருக்காது. ஒரே எதிரிதான், ஆனால் எந்த மூவை (தாக்குதல் உத்தியை) எடுத்து வந்திருக்கிறது என்பது தெரியும்வரை முதல் வருகையை முழு எச்.பி.யில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் குத்தும் ஸ்பைக்ஸ் முட்களும் சேர்ந்தால் கணக்கு தலைகீழ். மூன்று அடுக்கு ஸ்பைக்ஸ் 76, கல் 38, ஆக வாசலிலேயே 114. வரவு 120-இல் மிச்சம் 6. டாக்ஸாபெக்ஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் எதிராளியை மூன்று அடுக்கு போடவிட்டவர்கள் தோற்பது இங்கேதான். டாக்ஸிக் ஸ்பைக்ஸ் (விஷ முட்கள்) மட்டும் விதிவிலக்கு. டாக்ஸாபெக்ஸ் காலை வைத்ததும் அது துடைக்கப்பட்டுவிடும்.

இரண்டாவது எண் 171. வெளியே போக முடியாமல், எதிரில் நின்றே ஆடவேண்டிய நேரத்துக்கானது. பாதி எச்.பி.யை மீட்கும் ரிகவர் என்ற மூவ் 152 தரும், ஸ்லட்ஜ் 19. ஒரு டர்னுக்கு 171 வரை அடிப்பவரை நின்று சமாளிக்கலாம். மேலே சொன்ன தண்டர்போல்ட் 162-தான், எனவே தாங்கும். ஆனால் டாக்ஸாபெக்ஸ் எப்போதும் இரண்டாவதாகத்தான் நகரும். எச்.பி. 160-க்கு இறங்கிய பிறகு ரிகவர் அழுத்தினால், அது நடக்கும் முன்பே தண்டர்போல்ட் முடித்துவிடலாம். அடுத்த அடியின் உச்சத்தைவிட ஒன்றாவது அதிகம் இருக்கும்போதே அழுத்த வேண்டும். "இன்னும் பாதி இருக்கிறதே" என்று ஒரு டர்ன் டாக்ஸிக் (விஷம் ஏற்றும் மூவ்) போடப் போய் உயிரை விடுகிற டாக்ஸாபெக்ஸ்கள் ஏராளம்.

கிரிட்டிகல் அடிக்கான வாய்ப்பு 24-இல் ஒன்று. ஒரு டர்னுக்குச் சின்னதுதான். எட்டு டர்ன் நின்றால் ஒன்றாவது விழும் வாய்ப்பு 29 சதவீதம், விழுந்தால் ஒன்றரை மடங்கு. ஸ்கார்லெட், வயலட் ஆட்டங்கள் வந்தபோது ரிகவரின் பி.பி.யை (எத்தனை முறை போடலாம் என்ற எண்ணிக்கையை) அதிகபட்சம் 16-இலிருந்து 8-ஆக வெட்டிவிட்டார்கள். இது நியாயமான வெட்டு என்றுதான் தோன்றுகிறது. நின்று ஆடுவது முன்பும் சோம்பேறித்தனம்தான், இப்போது அதற்கு விலையும் உண்டு. ரீஜெனரேட்டருக்குப் பி.பி. கிடையாது. போக வழி இருக்கும்போது போய்விட்டு, ரிகவரைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கால்டைப் பறித்ததுதான் உண்மையான இழப்பு. 30 சதவீதம் எரிக்கும் அந்த நீர் மூவுக்குப் பயந்தே அட்டாக்கை நம்பும் ஜந்துக்கள் உள்ளே வரத் தயங்கின. அதற்குப் பதிலாகப் போடும் சர்ஃபுக்கு யாரும் அப்படித் தயங்குவதில்லை.

கையில் என்ன பொருள் கொடுப்பது என்ற சண்டை ஓய்ந்தபாடில்லை. ஓர் உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்த்துவிடலாம். எதிரில் அடமன்ட் இயல்புள்ள டிராகனைட், 252 அட்டாக். அட்டாக்கையும் வேகத்தையும் ஏற்றும் டிராகன் டான்ஸை ஏற்கெனவே ஒருமுறை ஆடிவிட்டது. இரண்டாவது முறை ஆடும் டர்னில் டாக்ஸாபெக்ஸை இறக்குகிறீர்கள், ஹேஸ் போட்டு அத்தனை ஏற்றத்தையும் அழிப்பதற்காக. அடுத்த டர்ன் டிராகனைட் முந்திக்கொண்டு எர்த்க்வேக் (மண் தாக்குதல்) போடும். சேதம் 260 முதல் 308. ஆட்டம் ஒவ்வொரு அடிக்கும் 85 முதல் 100 சதவீதம் வரை 16 மதிப்புகளில் ஒன்றை எடுக்கும். அதை வைத்து எண்ணினால்:

ஹெவி டியூட்டி பூட்ஸ் இருந்தால் கல் குத்தாது, எச்.பி. 304. பதினாறில் இரண்டு மதிப்புகள்தான் கொல்லும்.

பிளாக் ஸ்லட்ஜ் இருந்து, கல்லும் இருந்தால் 285. பதினாறில் எட்டு. நாணயத்தைச் சுண்டிவிடுவதற்குச் சமம்.

முன்பே யாரோ நாக் ஆஃப் அடித்துப் பொருளைப் பிடுங்கியிருந்தால் 266. பதினாறில் பதினான்கு.

எனவே அணியில் கல்லை அகற்ற ஆள் இல்லையென்றால் பூட்ஸ், நம்பகமாக அகற்றும் ஆள் இருந்தால் ஸ்லட்ஜ். பூட்ஸில் முதல் எண் 82-க்குப் பதில் 101 ஆகிறது, இரண்டாவது எண் 171-லிருந்து 152-க்கு இறங்குகிறது. டாக்ஸாபெக்ஸைப் போக்குவரத்துக்கு வைத்திருப்பவர் பூட்ஸையே எடுப்பார். இன்னொன்று: இரும்பு டெரா (ஆட்டத்தின் நடுவே வகையை இரும்பாக மாற்றும் வசதி) வைத்திருந்தால் ஸ்லட்ஜ் வேண்டாம். டெரா ஆனதும் நச்சு வகை போய்விடும், ஸ்லட்ஜ் உங்களையே டர்னுக்கு 38 கடிக்கும். எந்த வகைக்கும் அதே அளவு தரும் லெஃப்ட்ஓவர்ஸ் கொடுங்கள்.

அடி தாங்கி ஹேஸ் போட்டாயிற்று, டிராகனைட் சாதாரணமாகிவிட்டது. இப்போது ரிகவர் அழுத்தத்தான் விரல் போகும். அழுத்தாதீர்கள். உங்களிடம் மிஞ்சியிருப்பது அறுபதுக்கும் கீழே அல்லது அதை ஒட்டி, ஏற்றமில்லாத எர்த்க்வேக்கே 132-இலிருந்து 156 வரை அடிக்கும். மண் தாக்குதல் படாத ஒன்றுக்கு மாற்றுங்கள். எதிராளியின் எர்த்க்வேக் காற்றில் போகும், போகிற போக்கில் 101 திரும்பிவரும்.

ஹேஸ் எல்லாவற்றுக்கும் மருந்தல்ல. அதற்கு முன்னுரிமை கிடையாது. ஜாலி இயல்புள்ள கார்சோம்ப், அட்டாக்கை ஏற்றும் ஸ்வார்ட்ஸ் டான்ஸை ஒருமுறை ஆடிவிட்டால் அதன் எர்த்க்வேக் குறைந்தது 350. ஹேஸ் போடும் முன்பே கதை முடிந்தது. ஏற்றமில்லாமலே 176 முதல் 210, அதாவது 171-ஐத் தாண்டியது. இரண்டு எண்ணையும் தாண்டி அடிக்கிற எதிரியின் முன்னால் டாக்ஸாபெக்ஸை இறக்கவே கூடாது.

அதனால் அருகில் யார் இருக்கிறார்கள் என்பது முக்கியம். ஒன்பதாம் தலைமுறையில் டிங்-லூ, கோர்விநைட் என்ற இரண்டு போக்கிமான்களும் இதற்கு அச்சில் வார்த்தது போலப் பொருந்துகின்றன. சைக்கிக்கும் மின்சாரமும் டிங்-லூ மீது படவே படாது. மண் கோர்விநைட் மீது படாது. டாக்ஸாபெக்ஸின் மூன்று பலவீனங்களும் அடைபட்டன. திருப்பிப் பார்த்தால் டிங்-லூவின் ஆறு பலவீனங்களில் சண்டை, பூச்சி, ஃபேரி, நீர், பனி ஐந்தையும் டாக்ஸாபெக்ஸ் பாதியாக்கும், மிச்சமுள்ள புல்லைக் கோர்விநைட் கால்வாசியாக்கும். கோர்விநைட்டின் நெருப்புக்கு டாக்ஸாபெக்ஸ், மின்சாரத்துக்கு டிங்-லூ. ஓட்டை ஒன்று உண்டு: டிங்-லூவுக்கு ரெஸ்ட்டை (தூங்கி மீளும் மூவ்) விட்டால் தன்னைக் குணப்படுத்த உருப்படியான வழியில்லை. மூவரில் முதலில் தேய்வது அதுதான். களத்தைத் துடைக்கும் கோர்விநைட்டின் டீஃபாகைக் கல்லுக்காக மட்டும் அல்ல, டிங்-லூவைக் காப்பாற்றவும் போடவேண்டியிருக்கும்.

ஆட்டத்தை முன்னே நகர்த்துவது டாக்ஸிக். நச்சு வகை போட்டால் அது தவறவே தவறாது. முதல் டர்ன் பதினாறில் ஒன்று, அடுத்தது இரண்டு, அப்புறம் மூன்று. மீட்டர் வட்டி மாதிரி ஏறும். ஐந்து டர்னில் பதினாறில் பதினைந்து பங்கு போய்விடும். ஆனால் எதிராளி மாற்றினால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், விஷம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். எனவே டாக்ஸிக் பட்டவரை உட்கார வைக்கப் பாருங்கள். பேன்ஃபுல் பங்கர் என்ற தற்காப்பு மூவ் ஒரு டர்னைக் கடத்தும், தொட்டு அடிப்பவருக்கு விஷமும் ஏற்றும்.

இரும்பு வகைக்கு விஷம் ஏறாது, சப்ஸ்டிட்யூட் பொம்மைக்குப் பின்னால் இருப்பவருக்கும் டாக்ஸிக் எட்டாது. டான்ட் என்ற மூவ் பட்டால் மூன்று டர்ன் ரிகவர், ஹேஸ், டாக்ஸிக் எதுவும் கிடையாது, ஓடிப்போவதைத் தவிர வழியில்லை. இவை எல்லாம் ஒரே உடம்பில் சேர்ந்து வந்தால் அதற்குப் பெயர் ஹீட்ரான். மாக்மா ஸ்டார்ம் போட்டு வெளியேற விடாமல் கட்டிவிடும், டான்ட் போடும், எர்த் பவரால் இரட்டிப்பாக அடிக்கும், விஷமும் ஏறாது. ரீஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை, வெளியே போனால்தானே வேலை செய்யும். அணித் தேர்வுத் திரையில் ஹீட்ரானைப் பார்த்தால் அது உள்ளே வரும் என்று தோன்றும் டர்னுக்கு முந்தைய டர்னிலேயே டாக்ஸாபெக்ஸைக் கிளப்பிவிடுங்கள். நீங்கள் ஆடும் இடத்தில் ஹீட்ரான் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஸ்லட்ஜையும் பூட்ஸையும் விட்டுவிட்டு ஷெட் ஷெல் கொடுத்துப் பாருங்கள். கட்டியிருந்தாலும் மாற்றிக்கொள்ளலாம், 101 கிடைக்கும்.