புதரை வெட்ட வேண்டாம் என்று சொல்வதும் என் வேலைதான்

ஏரிக்கரைக் காட்டில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: வருஷத்துக்கு எத்தனை மரம் நடுவீங்க? நண்பர்கள் கேட்பார்கள், நிதி கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள், பிள்ளைகளை அழைத்து வரும் ஆசிரியர்களும் கேட்பார்கள். எண்ணைச் சொல்லிவிடலாம், பதிவேட்டில் இருக்கிறது. ஆனால் சொல்லும்போதெல்லாம் மனசு ஒப்புவதில்லை, ஏனென்றால் நாங்கள் குழி வெட்டி நட்ட கன்றுகளைவிட நாங்கள் வெட்டாமல் விட்ட முள்ளுப்புதர்கள்தான் இங்கே அதிகமாகக் காடு வளர்த்திருக்கின்றன. நேரில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை, அதனால் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம், வானூர் பக்கம் கழுவெளி என்று பரந்து கிடக்கும் நீர்நிலை இருக்கிறது. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். மழைக்காலத்தில் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பிக் கலங்கல் தாண்டி ஓடும் தண்ணீர் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். அப்படித் தண்ணீர் அனுப்புகிற ஏரிகளில் ஒன்றின் கரையை ஒட்டியதுதான் எங்கள் காடு. மலைக்காட்டை மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது முதல் பார்வையில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இது சோழமண்டலக் கரைக்கு உரிய உலர் பசுமைமாறாக் காடு. வருஷத்துக்கு 1,200 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, அதிலும் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வெயில். இப்படிப்பட்ட ஊரில் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதுதான் வழக்கம், ஆனால் இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சித்திரை வெயிலிலும் பச்சையாகவே இருக்கும். இலைகள் சிறியவை, தடித்தவை. மரங்கள் குட்டை, பலதும் அடியிலிருந்தே நாலைந்து தண்டாகக் கிளம்பியிருக்கும், நடுவில் கொடிகள் பின்னிக் கிடக்கும். 1968-இல் சாம்பியன், சேத் என்ற இரண்டு வனவியலாளர்கள் இந்தியக் காடுகளை வகை பிரித்தபோது இதற்கென்று தனித் தொகுதியே கொடுத்தார்கள். நம்மூர்க்காரர்களில் பலருக்கு இப்படி ஒரு காடு நம் பக்கத்திலேயே இருப்பது தெரியாது என்பது எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீரிலிருந்து மேட்டுக்கு நடப்பது. ஏரி ஓரத்தில் கொட்டியும் அல்லியும் மிதக்கும், அதைத் தாண்டி கோரையும் சம்பும். தண்ணீர் வடிந்த சேற்றில் நீர்முள்ளி ஊதாப் பூவோடு நிற்கும், கொஞ்சம் காய்ந்த இடத்தில் பொடுதலை தரையோடு படர்ந்திருக்கும். அப்புறம் நீருக்குள் நின்றே பழகிய மரங்கள்: நீர்க்கடம்பு, கருவேலம், கரையேறினால் நீர்மருது, புங்கம், நாவல். நீர்க்கடம்பின் அடிமரம் மாதக்கணக்கில் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் அழுகாது, சிவந்த பூச்சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டுவதும் பெரும்பாலும் இந்த மரத்தில்தான். 1798-இல் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் அந்த ஏரிப் பறவைகளுக்குப் பாதுகாப்பு கொடுத்தார், ஆனால் அதற்கு முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள், எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கரையிலிருந்து செம்மண் மேட்டுக்கு ஏறினால் இருபதடிக்குள் ஆளே மாறிவிடும். காயா, வீரை, உலக்கைப் பாலை, காட்டெலுமிச்சை, கருங்காலி வகைகள். காயாம்பூ நிறம் என்று பக்திப் பாட்டில் கேட்டே வளர்ந்தவர்கள் பலரும் அந்தப் பூவைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள், கோடை தொடங்கும்போது கிளை முழுக்க நீலமாய் ஒட்டிக்கொண்டு பூக்கும்போது அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்காமல் கடந்துபோக எனக்கு மனம் வராது. வீரை வேறு மாதிரி, பள்ளமும் மேடுமாய் முறுக்கேறிய அடிமரம், பழைய கோயில்களில் பார்த்திருப்பீர்கள். இந்த மேட்டு மரங்களைக் கரையில் நட்டால் வேர் அழுகிப் போகும், நீர்க்கடம்பை மேட்டில் நட்டால் முதல் கோடையிலேயே வாடும். மண்ணின் உயரத்தில் இரண்டு அடி வித்தியாசம் போதும். ஏரிக்கரையில் மரம் நடுகிற எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்பதைத்தான். மே மாதத்தில் வந்து அளந்து குழி போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

சரி, புதருக்கு வருகிறேன். மேட்டுக் காட்டைச் சுற்றியும் நடுவிலும் காரை, சூரை, களா, சங்கஞ்செடி என்று முள்ளாகவே மண்டிக் கிடக்கும். புதிதாக வருகிற யாருக்கும் அதைப் பார்த்ததும் தோன்றுவது சுத்தம் செய்ய வேண்டும் என்பதுதான். எங்களோடு ஆரம்பத்திலிருந்து வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், பக்கத்து ஊர், சின்ன வயதில் இதே காட்டில் ஆடு மேய்த்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய காரைப் புதரைக் காட்டி இதை எடுத்துவிட்டு இங்கே கன்று வைக்கலாமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, குனிந்து முள்ளை ஒரு கையால் விலக்கி உள்ளே பார்க்கச் சொன்னார். உள்ளே விரல் நீளத்துக்கு வீரைக் கன்றுகள், ஒரு காட்டெலுமிச்சை, கொஞ்சம் தள்ளி ஒரு காயா. யாரும் நட்டதில்லை. "முள்ள வெட்டிட்டா குருவி எங்க உக்காரும் தம்பி? குருவி உக்காந்தாத்தான வெத விழும்" என்றார்.

அந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிற விஷயத்தை நான் அதற்கப்புறம் புத்தகங்களிலும் படித்தேன், ஆனால் அவர் காட்டிய மாதிரி யாரும் காட்டவில்லை. கொண்டைக்குருவியும் குயிலும் மைனாவும் பழம் தின்றுவிட்டு வந்து உட்காருவது முள்ளுப்புதரில், ஏனென்றால் அங்கே அவற்றுக்குப் பாதுகாப்பு. எச்சத்தோடு விழுந்த விதைக்குப் புதரின் அடியில் நிழல் கிடைக்கிறது, உதிர்ந்த இலை மக்கி ஈரம் பிடித்து வைத்திருக்கிறது, முக்கியமாக ஆட்டு வாய் உள்ளே எட்டாது. நாங்கள் வெட்டவெளியில் நட்டு, கம்பி வேலி போட்டு, கோடையில் டேங்கரில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் காப்பாற்ற முயல்கிற அதே கன்று இங்கே சும்மா இருக்கிற இடத்தில் தானாகப் பிழைக்கிறது. கொஞ்ச வருஷத்தில் அது புதரைத் தாண்டித் தலையை நீட்டும், அதன் நிழல் கூடக்கூட காரை தானே மெலிந்து ஒதுங்கும். இரவில் மரநாய் வந்து பாலைப்பழம் தின்றுவிட்டு வேறு ஒரு மூலையில் போட்டுவிட்டுப் போகும், அங்கே அடுத்தது தொடங்கும். புதர் வேறு பலருக்கும் சோறு போடுகிறது: காட்டெலுமிச்சை இலையில் கருப்பு இறக்கை வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் வளரும், ஆதொண்டைக் கொடியில் வெள்ளை, மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் முட்டை வைக்கும்.

இதை வருகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். ஒருமுறை நிதி கொடுத்த ஒரு நிறுவனத்திலிருந்து பார்க்க வந்தவர்கள், பெயர்ப்பலகை வைத்த இடம் புதராக இருக்கிறது, போட்டோவில் நன்றாக வரவில்லை, சுத்தம் செய்து வரிசையாக மரம் வைக்க முடியுமா என்று கேட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வரிசையாக நின்றால்தான் மரம் என்று நாம் எல்லோரும்தான் பழகியிருக்கிறோம். நாங்கள் பலகையை வேறு இடத்துக்கு மாற்றினோம், புதரை விட்டுவிட்டோம். ஊர்க்காரர்களின் பயம் வேறு. புதர் இருந்தால் பாம்பு இருக்கும் என்பார்கள், அது உண்மைதான், அந்தப் பயத்தை அறியாமை என்று தள்ளக் கூடாது. ஏரிக்குப் போகிற பாதையின் இரண்டு பக்கமும் அகலமாக வெட்டிவிட்டு, உள்பக்கத்தை மட்டும் தொடாமல் விடுவது என்று பேசி முடிவு செய்தோம். அதற்கப்புறம் பிரச்சினை வரவில்லை.

புதர் என்றதும் சீமைக்கருவேலமும் புதர்தானே, அதையும் விட்டுவிடலாமா என்று கேட்பார்கள். கூடாது. 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து அன்றைய சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விதைத்ததிலிருந்து அது போகாத இடமில்லை. ஆடும் மாடும் காயைத் தின்று விதையைப் பரப்பும், வெட்டினால் அடிக்கட்டை தழைத்துக்கொள்ளும், அதன் கீழே நம்மூர்ச் செடிகள் வருவது குறைவு. ஆனால் அதை எடுக்கிற விதத்தில் எனக்குக் கருத்து உண்டு. ஜேசிபி வைத்து ஒரே நாளில் ஒரு ஏக்கரை வழித்து எடுத்தால் மண் வெயிலில் கிடக்கும், முதல் மழையில் மேல்மண் ஏரிக்குள் போகும், மண்ணுக்குள் கிடந்த அதே மரத்தின் விதைகள் நல்ல வெளிச்சம் பார்த்து முளைத்து வரும். அது வெயில் விரும்பி, அடர்ந்த நிழலில் அதனால் நிற்க முடியாது. அதனால் நாங்கள் பட்டை பட்டையாக எடுக்கிறோம், அடிக்கட்டையை வேரோடு தோண்டி விடுகிறோம், எடுத்த பட்டையில் நம்மூர்ப் புதர்களையும் வேகமாக வளரும் புங்கனையும் முதலில் நிறுத்துகிறோம். நிழல் விழுந்ததும் அடுத்த பட்டை. மெதுவான வேலைதான், ஆனால் எடுத்த இடத்தில் அது பெரிதாகத் திரும்பி வரவில்லை. ஊர்ப் பெண்களுக்கு விறகும் ஒரேயடியாக நின்றுவிடாமல் கிடைக்கிறது.

நடுவது வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் தாய்மரமே இல்லாத இடத்தில் குருவி எதைக் கொண்டுவரும்? அங்கே நாற்றுப்பண்ணை வேண்டும். 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேடு மழையில் அரித்து ஓடைகளாகப் பிளந்து கிடந்த இடம், இன்று அங்கே காடு நிற்கிறது என்றால் விதை சேகரித்துக் கன்று வளர்த்தவர்களின் பல வருஷ உழைப்பு. இந்த மரங்களின் விதை பழகுவதற்கு நேரம் பிடிக்கும். நாவல் விதையை எடுத்துக் காயவைத்து டப்பாவில் போட்டால் அவ்வளவுதான், முளைக்காது, பழம் விழுந்த ஈரத்தோடு நாற்றுப் பாக்கெட்டில் விதைத்துவிட வேண்டும். கொன்றை நேர் எதிர், ஓடு கெட்டி, தேய்த்தோ சுடுநீரில் ஊறவைத்தோ போட்டால்தான் அசையும். வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரே ஒரு வீரையைக் கோயில் வாசலில் நட்டுவிட்டுப் பழம் வரவில்லை என்று கேட்டால் எப்படி வரும்? கன்றாக இருக்கும்போது எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்ல முடியாது, அதனால் ஒரு இடத்தில் பத்துப் பன்னிரண்டு கன்றுகளையாவது கூட்டமாக நடச் சொல்கிறோம், அதுவும் ஒரே தாயிடமிருந்து எடுக்காமல் பல மரங்களின் விதையைக் கலந்து.

விதைக்கு நாங்கள் நம்பியிருப்பது கோயில் காடுகளை. புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போல இந்தப் பக்கம் எஞ்சியிருக்கும் சில காடுகளில்தான் வயசான பாலையும் வீரையும் இன்னும் நிற்கின்றன. அங்கே மரத்தில் கை வைக்க மாட்டோம். பூசாரியிடம் கேட்டு, கீழே விழுந்த பழத்தை மட்டும், அதிலும் பாதியைக் குருவிக்கும் அணிலுக்கும் விட்டுவிட்டுப் பொறுக்குவது என்று அக்கா ஒரு கணக்கு வைத்திருக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு அவர்தான் முதல் வகுப்பு எடுக்கிறார், எந்தப் பழம் எப்போது விழும், எந்த மரம் ஒரு வருஷம் விட்டுத்தான் காய்க்கும் என்றெல்லாம் ஒரு தாளிலும் எழுதி வைக்காமல் சொல்லுவார். அவர் சொல்வதை நான் இப்போது நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன், மரத்துக்கு ஒரு பக்கம் என்று. இந்த மழைக்கு முன்னால் கலங்கலுக்குக் கிழக்கே ஒரு துண்டு நிலத்தைக் கன்றே நடாமல், வேலி மட்டும் போட்டு, இருக்கிற காரையையும் சூரையையும் அப்படியே விட்டுப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம். பதிவேட்டில் நட்ட கன்றுகள் என்ற இடத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டியிருக்கும், அதற்குப் பக்கத்தில் தானாக முளைத்தவை என்று புதிதாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.